நாலு அணுவுக்கு ஒன்று

மகள் பேச ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வேல்சாமிக்கு உள்ளங்கை இரண்டும் வேர்த்துவிட்டன.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் காற்று ஊளையிட்டுப் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த அவருடைய தீப்பெட்டி ஆபீசுக்கு, ஊர்ப் பேச்சில் ஆபீஸ் என்கிற அந்தத் தொழிற்சாலைக்கு, வார விடுமுறை. சாப்பாட்டு அறை ஜன்னல் கண்ணாடியில் சுதாராணி தேர்வில் திரையில் காட்டவேண்டிய, ஒளி ஊடுருவும் வழுவழுப்பான படத்தாள்களை ஒவ்வொன்றாக ஒட்டி, ஸ்கேலால் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுடைய டாக்டர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. ஐந்து வருஷம் சென்னைப் பக்கத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் கண்விழித்ததற்கு அன்றைக்குத்தான் தீர்ப்பு.

"அப்பாவுக்குப் புரியுற மாதிரி சொல்லிட்டேன்னா எந்தப் பரீட்சைக்காரரையும் சமாளிச்சிருவேன்" என்றுதான் அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள்.

"உலோகத்துக்கு உள்ள ஒரு நியாயம், மேல்தோல்ல ஒரு நியாயம். அதாம்ப்பா என் ஆராய்ச்சி."

"மனுசங்க மாதிரின்னு சொல்லு" என்றாள் பத்திரகாளி, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே. வேல்சாமியின் மனைவிக்கு எதிலும் ஒரு குத்தல் உண்டு.

"சும்மா இரும்மா. அப்பா, பிளாட்டினத்தையும் நிக்கலையும் மூணுக்கு ஒண்ணுன்னு உருக்கிக் கலந்து, ஒரே படிகமா உறைய வைக்காங்க. உள்ள அணு எல்லாம் வரிசையாத்தான் நிக்கும், நம்ம ஆபீசுல மரச்சட்டத்துல குச்சி அடுக்குன மாதிரி. ஆனா எந்த இடத்துல பிளாட்டினம், எந்த இடத்துல நிக்கல்னு ஒரு முறை கிடையாது. டவுன் பஸ்ல சீட்டுப் பிடிக்க மாதிரி, கிடைச்ச இடத்துல உக்காந்திருக்கும். சூடு பண்ணுனா மேல்வரிசையில ஆள் மாறும். பிளாட்டினம் மேல வரும், நிக்கல் கொஞ்சம் உள்ள போயிரும். இதுவரைக்கும் ஊருக்கே தெரிஞ்ச கதை."

"அப்போ நீ என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"அங்கனதான் வாரேன். அது மேல எலக்ட்ரானைத் தெறிக்க விட்டா, திரும்பி வந்து திரையில புள்ளி புள்ளியா விழும், கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி. அந்தப் புள்ளியை வச்சு மேல அணு எப்படி நிக்குதுன்னு கணக்குப் போடலாம். எனக்கு, சூடு பண்ணி ஆறவிட்டா, வழக்கமான புள்ளிக்கு நடு நடுவுல கூடுதலாப் புள்ளி வந்துது. அப்படீன்னா மேல்வரிசையில மட்டும் ஒரு ஒழுங்கு இருக்கு. நாலு அணுவுக்கு ஒண்ணு, நாலு அணுவுக்கு ஒண்ணுன்னு நிக்கல் முறை வச்சு நிக்குது. இதை யாரும் இதுவரைக்கும் பாத்ததில்ல."

மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேல்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோனவர் அவர். தீக்குச்சியும் அதன் முனை மருந்தும் தவிர வேறு உலகம் தெரியாதவர். அவர் பெற்ற பிள்ளை அணுவை எண்ணுகிறது!

"இதுல ஒரு வில்லங்கம்ப்பா. வெளிநாட்டுப் பரீட்சைக்காரர் ஒருத்தர், ஆளு வரமாட்டார், கேள்வியை எழுதி அனுப்பியிருக்காரு. ஒரே கட்டியில அறுத்த ரெண்டு துண்டுல ஒண்ணு அவர்கிட்ட இருக்கு, ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. ஒட்டிப் பிறந்த பிள்ளைக மாதிரி. அவர் துண்டுல இந்தப் புள்ளி வரவே இல்லையாம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்காரு."

"என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் கிடையாது. திருவனந்தபுரத்துல பாலீஷ் போட்டு வாங்கினோம், நேரா மெஷினுக்குள்ள போச்சு. நடுவுல யார் கையும் படலை."

அப்போதுதான் வேல்சாமிக்கு உள்ளங்கை வேர்த்தது.

போன புரட்டாசியில் நடந்தது அவருக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது. கூரியரை நம்பாமல் சுதாராணியே திருவனந்தபுரம் போய் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு, சென்னைக்குத் திரும்புகிற வழியில் ஆயுத பூசைக்கு வீட்டில் இறங்கியிருந்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

ஆபீசில் பூசை எப்போதும் மருந்து ரூமில்தான் ஆரம்பிக்கும். ஆபத்து அதிகம் உள்ள இடத்துக்குத்தான் சாமி முதலில் வரவேண்டும் என்பது அவருடைய அப்பா காலத்து ஏற்பாடு. தராசு, சல்லடை, மருந்துத் தட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வாழை இலைகளில் குளோரேட் ஒரு குவியல், கந்தகம் ஒரு குவியல்; இரண்டும் உரசிக்கொள்ளாமல் ரூமின் எதிரெதிர் மூலைகளில். பத்திரகாளியின் தையல் மெஷின்கூட வந்துவிட்டது. 'எல்லாருடைய ஆயுதமும் இருக்கு, பிள்ளையோட ஆயுதம் மட்டும் இல்லியே' என்று அவருக்குப் பட்டது.

தூங்குகிறவளை எழுப்பவில்லை. பைக்குள்ளிருந்து சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை, முகம் பார்க்கலாம்போலப் பளபளப்பு. அதைச் சும்மா தரையில் வைக்கலாமா? கந்தகக் குவியல் மஞ்சளாக, மங்களகரமாக இருந்தது. மஞ்சள் பீடத்தில் சாமியை அமர்த்துகிற பக்தியோடு அந்த வில்லையைக் குவியலின் உச்சியில் பதித்தார். ஓரத்தில் சந்தனப் பொட்டும் வைத்தார். பூசை முடிந்ததும் ஊதி, வேட்டி முனையால் துடைத்து, பளபளவென்று டப்பாவில் திரும்ப வைத்துவிட்டார். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபிப்பாள் என்று சின்னப் பயம். அவ்வளவுதான்.

இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அதுல கந்தகம் மாதிரி ஏதாச்சும் ஒட்டியிருந்தா மெஷின் காட்டிக் குடுத்திராதா?"

சுதாராணி சிரித்துவிட்டாள். "அப்பாவுக்கு எப்பவும் கந்தகம்தான்! நெசத்துல நல்ல கேள்விப்பா. ஒவ்வொரு தனிமத்துக்கும் மெஷின்ல ஒரு இடத்துல கோடு விழும். இதுல பாருங்க, கந்தகத்துக்கு விழுற கோடும் பிளாட்டினத்தோட ஒரு சின்னக் கோடும் ஒரே இடத்துல விழும். கொஞ்சமா இருந்தா பிளாட்டினத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிடும். இன்னொண்ணு தெரியுமா? கந்தகம் உக்காந்தாலும் நாலு அணுவுக்கு ஒண்ணுன்னுதான் உக்காரும். இதே புள்ளிதான் வரும்."

"பெறகு?"

"பெறகென்ன, கந்தகம் எங்கயிருந்து வரும்? வானத்துலயிருந்தா?"

வேல்சாமி தேள் கொட்டிய திருடன் கணக்காக உட்கார்ந்திருந்தார்.

இரவெல்லாம் புரண்டார். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாக மருந்து ரூமுக்குப் போனார். மருந்து கலக்குகிற மாடக்கண்ணு இருபது வருஷமாக அவரோடு இருக்கிறவன். அன்றைக்குப் பூசையில் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அவனேதான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, அந்த வில்லைக்கு வாயா இருக்கு? நாமளாச் சொன்னாத்தான தெரியும்?"

"ஏலே, பிள்ளை பொய்யைச் சொல்லிப் பட்டம் வாங்கப் போகுதுலே."

"தெரியாமச் சொன்னா அது பொய்யா? நீங்க சாமிக்குத்தான வச்சீங்க, சாக்கடையிலயா போட்டீங்க? சாமி குடுத்த புள்ளின்னு நெனைச்சுக்கிடுங்க. இப்போ போயிச் சொன்னீங்கன்னா பாப்பாவோட அஞ்சு வருசம் போச்சு. யோசிச்சுக்கிடுங்க."

அவன் சொன்னது இனிப்பாகத்தான் இருந்தது. ஒருவேளை ஒட்டியிருக்காது. துடைத்தோமே! அவள் வேறு மெஷினில் வைக்குமுன் ஸ்பிரிட்டில் கழுவியிருப்பாளே! ஆனால் கந்தகம் ஸ்பிரிட்டில் லேசில் கரையாது என்பது கந்தகத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா? தெரிந்தது.

பத்து மணிக்குச் சுதாராணி ஒரு தாளோடு வந்தாள். "அப்பா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனீங்கன்னா இதை ஃபேக்ஸ் பண்ணிருதீங்களா? அந்த வெளிநாட்டுக்காரருக்குப் பதில். நம்பர் மேலயே இருக்கு. நான் இன்னும் ஆறு படத்தாள் எழுதணும்."

சொல்லியிருக்கலாம். தாளைக் கையில் வாங்குமுன் சொல்லியிருக்கலாம். வேல்சாமி வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

ஃபேக்ஸ் கடையில் கூட்டம். வரிசையில் நின்று தாளைப் பிரித்தார். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். பாலீஷுக்குப் பிறகு இந்தப் படிகம் இருந்த டப்பாவை எங்கள் கூடத்துக்கு வெளியே யாரும் திறக்கவில்லை என்று ஒரு வரி. அடியில் மகளின் கையெழுத்து, கோடு போட்டாற்போல் நேராக.

"யார் கையெழுத்து அண்ணாச்சி, பாப்பாவா? டாக்டர் ஆயிட்டாளா?" என்றான் கடைக்காரன்.

"வெள்ளிக்கிழமை."

"மிட்டாய் மறந்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் தாளை வாங்கி மெஷினில் செருகினான். அது கறகறவென்று ஒவ்வொரு வரியாக உள்ளே இழுத்தது. கையை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தால் வெளியே வந்துவிடும். வேல்சாமியின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. தாள் முழுசாக மறுபக்கம் வந்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஒத்திகை. இந்தத் தடவை சுதாராணி ஒரு யோசனை செய்தாள். கேள்விகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தாள்.

"நீங்கதான் பரீட்சைக்காரர். உம்முனு மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கணும்."

"அதுக்கு ஒண்ணும் குறைவில்லை. ரெண்டு நாளா அப்படித்தான் வச்சிருக்காக" என்றாள் பத்திரகாளி. "சோறும் இறங்கல. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்காக."

வேல்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். இரண்டாவதைக் கேட்டார். சுதாராணி நிமிர்ந்து நின்று டாண் டாண் என்று பதில் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் அவருக்கு எழுத்து மங்கியது.

"உங்கள் படிகம்... வாங்கியதிலிருந்து மெஷினுக்குள் போகும்வரை... எங்கெங்கே இருந்தது?"

"திருவனந்தபுரத்தில் மெருகேற்றப்பட்டது. மூடிய டப்பாவில் நானே எடுத்து வந்தேன். வழியில் திறக்கப்படவில்லை. வேறு யார் கையும் படவில்லை."

வேல்சாமி தாளைக் கீழே வைத்தார்.

"உறுதியாச் சொல்லுதியா?" என்றார் வேல்சாமி.

"இது தாள்ல இல்லியேப்பா."

"உறுதியாச் சொல்லுதியான்னு கேக்கேன்."

"சொல்லுதேன்."

"சொல்லாத தாயி." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சபையில நின்னு அப்படிச் சொல்லிராத. என் கை பட்டுச்சு."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தையல் மெஷின், வாழை இலை, மஞ்சள் குவியல், சந்தனப் பொட்டு, வேட்டி முனை. சொல்லிவிட்டு அடிக்குக் குனிகிற மாட்டைப்போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்து, மேலே தேதி போட்டாள்.

"பாலீஷ் போட்ட முகம் மேலயா, கீழயா?"

"மேல."

"எவ்வளவு ஆழம் பதிஞ்சுது?"

"பாதிவரைக்கும் இருக்கும். உருளாம நிக்கணும்னு அழுத்தி வச்சேன்."

"எத்தனை மணி நேரம்?"

"பூசை முடியுறவரைக்கும். ஒண்ணரை மணி."

"விளிம்பைச் சுத்தி நகத்தால கீறுன மாதிரி ஒரு காடி ஓடும். கம்பி மாட்டுறதுக்கு. அதுக்குள்ள மஞ்சளா இருந்துச்சா?"

வேல்சாமி கண்ணை மூடி யோசித்தார். "காடியை நான் பாக்கலைம்மா. மேல பளபளப்பு இருக்கான்னுதான் பாத்தேன்."

பேனா நின்றது. "நாங்களும் அதைத்தாம்ப்பா பாத்தோம்" என்றாள் சுதாராணி. "மேல் முகத்தை மட்டும் மெஷினுக்குள்ள வாயுவைப் பாய்ச்சி அடிச்சு அடிச்சுச் சுத்தம் பண்ணுனோம். காடிக்குள்ள எங்க அடி போகாது. சூடு பண்ணப் பண்ண அங்கனயிருந்து ஊர்ந்து மேல வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும்."

"ஏட்டி, பெத்த அப்பாவைப் போலீஸ்காரன் மாதிரிக் கேக்க? சாமிக்கு வச்சது ஒரு குத்தமா?" என்று பத்திரகாளி குறுக்கே வந்தாள்.

"அம்மா, இப்போ பேசாத."

அந்தக் குரலை இருவரும் அதற்குமுன் கேட்டதில்லை. பத்திரகாளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுதாராணி முன்னறைக்குப் போய் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எஸ்.டி.டி. போட்டாள். கூட வேலை பார்க்கிற செண்பகராஜ் கிடைத்தான். "கிறிஸ்டல் மெஷினுக்கு உள்ளதான இருக்கு? ஆக்சிஜன் விட்டுச் சூடு பண்ணு. வெளிய வர்ற வாயுவுல அறுபத்து நாலாம் நம்பரைக் கவனி. நல்லா எரிச்ச பெறகு ஆக்சிஜனை எடுத்துட்டு மறுபடி சூடு பண்ணி ஆறவிடு. கூடுதல் புள்ளி திரும்ப வருதான்னு பாரு. ஏன்னு கேக்காத. செஞ்சுட்டுக் கூப்பிடு."

பிறகு காத்திருப்பு. மத்தியானச் சாப்பாடு அப்படியே ஆறிப்போனது. ஆபீசில் பெண்கள் குச்சி அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேல்சாமி ஆபீசுக்குப் போகவில்லை. முன்னறையில் போனுக்கு எதிரே உட்கார்ந்து, மனசுக்குள் ஊர் தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டார். புள்ளி திரும்பி வரட்டும். துடைத்தது போதும் என்று ஆகட்டும். நான் முட்டாள், பிள்ளை கண்டது சரி என்று ஆகட்டும்.

சுதாராணி படத்தாள்களை ஜன்னலிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறரை மணிக்குப் போன் அடித்தது.

"சொல்லு... ஏறிச்சா? எவ்வளவு?... சரி. புள்ளி?... எத்தனை தடவை பாத்த?... நாலு தடவையுமா?... சரி, செண்பகராஜ். படம் எடுத்து வை. இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. வை."

ரிசீவரை வைத்துவிட்டு அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அறுபத்து நாலுன்னா என்னட்டி?" என்றாள் பத்திரகாளி மெதுவாக.

"குச்சியை உரசுனா மூக்குல ஏறுமே ஒரு நெடி. கந்தகம் எரிஞ்சா வர்ற வாயு, அதோட நம்பர். அது வந்துருச்சு. புள்ளி போயிருச்சு. ஆக, நாலு அணுவுக்கு ஒண்ணுன்னு நின்னது நிக்கல் இல்ல."

வேல்சாமி எழுந்து நின்றார். "என்னால உன் படிப்பே போச்சே தாயி. நான் அதைத் தொடாம இருந்திருக்கலாம்."

"தொட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்ப்பா." அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "டப்பாவைப் பையிலயே விட்டுட்டுத் தூங்குனது என் தப்பு. கந்தகத்தை எரிச்சுப் பாக்காம எழுதுனதும் என் தப்பு. ஆனா ஞாயித்துக்கிழமை நீங்க கந்தகம் பத்திக் கேட்டீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியும். அப்படித்தான?"

வேல்சாமி ஆமாம் என்று தலையசைத்தார்.

"திங்கக்கிழமை தாளை வாங்கிட்டுப் போனீங்க."

வேல்சாமி மாடக்கண்ணுவின் பேரைச் சொல்லலாமா என்று ஒரு விநாடி நினைத்தார். சொல்லவில்லை.

"படிச்சீங்களா அதை?"

"படிச்சேன்."

சுதாராணி தலையை ஆட்டினாள். இன்னொரு நம்பரைச் சுழற்றினாள். இந்தத் தடவை அவளுடைய பேராசிரியருக்கு.

"சார், சுதாராணி. கோவில்பட்டியில இருந்து பேசுறேன். வெள்ளிக்கிழமை வைவாவை நிறுத்தணும் சார். நாலாவது அத்தியாயம் தப்பு... இல்ல சார், பயம் இல்ல. கந்தகம். செண்பகராஜ் இப்பத்தான் பாத்தான்... எனக்குத் தெரியும் சார், ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புன பேப்பரையும் திரும்ப வாங்கணும்... வெளிநாட்டுக்குப் போன பதிலையும்தான் சார்."

அந்தப் பக்கம் பேராசிரியர் வெகுநேரம் பேசினார். வேல்சாமிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை; கரகரப்பு மட்டும் கேட்டது. கோபமா, ஆறுதலா, தெரியவில்லை. மகளின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போச்சுன்னா... எங்க அப்பா சார். ஆமா. இங்கனதான் நிக்காங்க." ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, குரலில் இல்லை.

"என்ன நடந்துச்சுன்னு கேக்காங்க. நான் சொன்னா உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிருவேன். நீங்களே சொல்லுங்க."

வேல்சாமி ரிசீவரை வாங்கினார். அது அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கடிதம் எழுதுகிறாற்போல ஆரம்பித்தார்.

"ஐயா, வணக்கம். என் பேரு வேல்சாமி. இங்கன தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கேன். போன வருசம் ஆயுத பூசைக்குப் பிள்ளைக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணிட்டேன். அதைச் சொல்லுதேன்." மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதைவிட, நேத்து ஒண்ணு பண்ணுனேன். அதை மொதல்ல சொல்லிருதேன்."